போனா, கேமராவா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுப் போன் ஒன்று சந்தைக்கு வந்தால் போதும், அந்த வாரமே என் இன்பாக்ஸில் இந்தக் கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் வேலைக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார், ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் எடுக்கப் போனால் கூட வந்த பசங்க கேட்பார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. போன் கேமரா டிஎஸ்எல்ஆரை மிஞ்சிடுச்சா, இல்லையா?

மூன்று விஷயத்தைப் பாருங்கள்: வெளிச்சம், தூரம், அசைவு. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, எடுக்கப்போகிற ஆளோ பொருளோ பக்கத்தில் இருக்கிறது, அது பெரிதாக ஆடாமல் அசையாமல் இருக்கிறது என்றால் நல்ல போன் எடுக்கிற படத்துக்கும் கேமரா எடுக்கிற படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், அதுவும் போன் திரையிலேயே பார்த்தால் எனக்கும் கஷ்டம்தான். காலை வெயிலில் ஒரு பூக்கடை, மேஜை மேல் ஒரு காபி டபரா, நின்று சிரிக்கிற நண்பர்கள், இதற்கெல்லாம் தாராளமாகப் போன் போதும்.

மூன்றில் ஏதாவது ஒன்று நமக்கு எதிராகப் போனால் போன் எப்படியாவது சமாளித்துவிடும். இரண்டு சேர்ந்து எதிராகப் போனால், உதாரணத்துக்கு இருட்டிலே ஓடுகிற குழந்தை, அங்கேதான் அது திணறும். கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு இந்த மூன்றை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

என் போன்ல 200 மெகாபிக்சல். உங்க கேமராவுல வெறும் 24. அப்போ என்னோடதுதானே பெரிசு?

கணக்கில் பெரியது. ஆனால் அந்த 200 மெகாபிக்சல் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லு) சாதாரணமாகப் படம் எடுக்கும்போது பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து, பன்னிரண்டு மெகாபிக்சல் சொச்சத்தில்தான் படத்தைத் தருகிறது. பிக்சல்கள் அவ்வளவு பொடியாக இருப்பதால் ஒவ்வொன்றிலும் விழுகிற வெளிச்சம் போதாது, அதனால்தான் சேர்க்கிறார்கள். முழு 200-ஐயும் வேண்டுமென்று செட்டிங்கில் போட்டு எடுக்கலாம், நல்ல வெயிலில் பரவாயில்லாமல் வரும், சாயங்காலம் ஆனதும் பெரிய ஃபைலும் புள்ளி புள்ளியான படமும்தான் மிஞ்சும்.

பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பு. ஃபுல் ஃபிரேம் என்று சொல்கிற பெரிய சென்சார் கேமராவில் அது 36க்கு 24 மி.மீ. நல்ல போன்களின் முக்கிய கேமராவில் ஏறக்குறைய 10க்கு 7 மி.மீ. அதாவது சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு இன்ச் சென்சார் என்று விளம்பரப்படுத்துகிற போன்கள் சில வந்திருக்கின்றன, அதன் நிஜ அளவு 13.2க்கு 8.8 மி.மீ. தான். போனுக்கு அது ரொம்பப் பெரியது, ஆனாலும் ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னதான சாதாரண ஏபிஎஸ்-சி கேமரா சென்சாரின் மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

சென்சார் சின்னதுன்னு சொல்றீங்க, ஆனா போட்டோ பளிச்னுதானே வருது?

பளிச்சென்று வருவது சென்சாரால் இல்லை, உள்ளே ஓடுகிற கணக்கால். நீங்கள் ஒரு தடவை அமுக்குகிறீர்கள், போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி, புள்ளிகளைக் குறைத்து, வானத்தையும் நிழலில் இருக்கிற முகத்தையும் தனித்தனியாகச் சரிசெய்து ஒரே படமாகத் தருகிறது. கூகுள் 2013-லேயே எச்டிஆர் பிளஸ் என்ற பெயரில் இதைத் தன் போன்களில் கொண்டுவந்துவிட்டது. இன்று எல்லா நிறுவனங்களும் இதைத்தான் தங்கள் தங்கள் பாணியில் செய்கின்றன.

இதை மட்டமாகச் சொல்லவில்லை, அருமையான வேலைதான் அது. சிக்கல் என்னவென்றால், படம் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவையும் சேர்த்தே அது எடுத்துவிடுகிறது. ஜன்னலோரம் பாதி முகம் இருட்டில் இருக்கட்டும் என்று நீங்கள் நினைத்து எடுப்பீர்கள், அது அந்தப் பாதியையும் வெளிச்சமாக்கிக் கொடுக்கும். கேமரா இந்த மாதிரி மூக்கை நுழைக்காது. சீரியஸாகப் படம் எடுக்கிறவர்கள் கேமராவை விடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் துல்லியம் என்று பலர் நினைக்கிறார்கள், என்னைக் கேட்டால் இதுதான் காரணம்.

நைட் மோடு வந்த பிறகு இருட்டுக்குன்னு தனியா கேமரா எதுக்கு சார்?

எடுக்கப்போவது கட்டடமா, கூத்தா என்பதைப் பொறுத்தது. நைட் மோடு என்பது மேலே சொன்ன அதே அடுக்கும் வித்தைதான், கொஞ்சம் நீளமாக. கூகுள் 2018-ல் தன் பிக்சல் 3 போனோடு கொண்டுவந்த நைட் சைட், பதினைந்து படம் வரை எடுத்துச் சேர்க்கும். இரவில் ஒரு கோபுரத்தையோ மழை நின்ற தெருவையோ எடுக்க இதைவிட வசதி இல்லை. முன்னெல்லாம் டிரைபாட் தூக்கிக்கொண்டு போக வேண்டிய படம் அது.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்க நடக்கிற தெருக்கூத்துக்கு அதே போனை எடுத்துப் போங்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் கண்ணைக் குத்துகிற விளக்கு, நடுவே துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையும் மின்னச் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டு வருகிறார். போன் தான் எடுத்த படங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தப் பார்க்கிறது, பின்னால் இருக்கிற திரை பொருந்துகிறது, ஆள் பொருந்தவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் குழைந்து போயிருக்கும், அரிதாரம் பூசிய முகம் பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கும், கை எங்கே முடிகிறது பாவாடை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. திரை மட்டும் சுத்தமாக வந்திருக்கும்.

கேமராவில் இதற்கு ஒரே ஒரு படம் போதும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வருகிற வெளிச்சம் கூடும்), ஷட்டர் ஸ்பீடு 1/250 நொடி, ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற அளவு, 6400. புள்ளிகள் கொஞ்சம் தெரியும், தெரியட்டும், ஆனால் அந்தச் சுழற்சியில் ஒரு நொடி அப்படியே நிற்கும், நெற்றி வியர்வை உட்பட. இது வெளிச்சம், அசைவு என்று இரண்டும் எதிராகப் போன இடம்.

கல்யாண மண்டபத்துல எடுத்தா போட்டோ முழுக்க கோடு கோடா வருது. போன் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகின்றன, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. போன் படத்தை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது, ஷட்டர் ஸ்பீடு அதிகமானால் சில வரிகள் விளக்கு மங்கும் நேரத்தில் மாட்டிக்கொள்ளும். புரோ மோடுக்குப் போய் 1/50 அல்லது 1/100 வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் அது வேறு கதை, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

டிஎஸ்எல்ஆரில் இருக்கிற உள்கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவிலும் சைலன்ட் ஷட்டர் போட்டு எடுத்தால் இதே கோடு வரும். அதை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள்.

போர்ட்ரெய்ட் மோடு போட்டா பின்னாடி அழகா மங்கலாயிடுதே, அது போதாதா?

இன்ஸ்டாவில் போடப் போதும். போனில் வருகிற மங்கல் பெரும்பாலும் வரைந்தது. எந்தப் பிக்சல் ஆள், எந்தப் பிக்சல் பின்புலம் என்று போன் ஊகித்து, பின்புலத்தை மட்டும் கலைத்துவிடுகிறது. ஐபோனில் இது 2016-ல் 7 பிளஸ்ஸோடு வந்தது, அன்றைக்கு இருந்ததைவிட இப்போது எவ்வளவோ தேவலாம். ஆனாலும் மணப்பெண்ணின் தலையைப் பக்கவாட்டில் எடுத்துப் பாருங்கள். காதோரம் பறக்கிற முடி பாதியில் அறுந்திருக்கும், ஜிமிக்கியின் ஓட்டைக்குள்ளே தெரிகிற சுவர் மங்காமல் அப்படியே இருக்கும், பின்னலில் தொங்குகிற மல்லிகைச் சரத்தில் கடைசி நாலு பூவைப் பின்புலம் என்று நினைத்து அழித்திருக்கும்.

லென்ஸில் வருகிற மங்கல் வேறு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் வெளிச்சம் நுழைகிற வாய் சுமார் 28 மி.மீ. அகலம், பத்து ரூபாய் நாணயம் உள்ளே போய்விடும். போனின் முக்கிய கேமராவிலும் அதே எஃப் 1.8 என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் அதன் வாய் நாலு மி.மீ. கூட வராது, ஒரு உளுந்து அளவு. ஃபுல் ஃபிரேம் கணக்கில் பார்த்தால் போனின் அந்த எஃப் 1.8 தருகிற மங்கல் ஏறக்குறைய எஃப் 6 தருகிற அளவுதான். இதை எந்தப் பெட்டியிலும் எழுதமாட்டார்கள்.

100 எக்ஸ் ஜூம் போட்டிருக்கான். வேடந்தாங்கல் போறேன், இது போதும்ல?

போதாது. அந்த நூறில் பெரும்பகுதி வெட்டிப் பெரிதாக்குவது. லென்ஸால் நிஜமாகவே கிட்டே கொண்டுவருவது எவ்வளவு என்று பாருங்கள். சாம்சங் எஸ் 23 அல்ட்ராவில் அது 10 எக்ஸ், ஏறக்குறைய 230 மி.மீ. லென்ஸுக்குச் சமம். பறவைகளை எடுக்கிறவர்கள் 400-லிருந்து 600 மி.மீ. வரை தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேடந்தாங்கலில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஏரிக்கு நடுவே மரங்களில் கூடு கட்டியிருக்கும், நீங்கள் கரையில் நிற்பீர்கள். தூரம் எதிராகப் போயாச்சு, பறவை இறக்கையை விரித்ததும் அசைவும் எதிராகப் போய்விடும். மரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற பறவை என்றால் ஒரு வழி உண்டு: பைனாகுலரின் கண் வைக்கிற பக்கத்தில் போன் கேமராவை ஒட்டிப் பிடித்து எடுங்கள். கை நடுங்காமல் இருந்தால் ஆச்சரியப்படுகிற மாதிரி வரும்.

அப்போ நிலாவை எப்படி அவ்ளோ தெளிவா எடுக்குது?

2023-ல் ஒருவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நிலாவின் படத்தை வேண்டுமென்றே சிறிதாக்கி, கலங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, இருட்டறையில் தூர நின்று சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளமும் மேடும் போன் எடுத்த படத்தில் வந்துவிட்டன. நிலா என்று கண்டுகொண்டால் தங்கள் மென்பொருள் நுணுக்கங்களைக் கூட்டும் என்பதை அந்த நிறுவனமும் விளக்கியது. நிலாவுக்கு எப்போதும் ஒரே முகம் என்பதால் இது எளிது. உங்கள் பாட்டியின் முகத்துக்கும் இதே மாதிரி ஊகம் நடக்கலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நான் கருப்பு. போன்ல எடுத்தா வேற யாரோ மாதிரி வெளுத்து வர்றேன். இதுக்கு என்ன பண்றது?

முதலில் பியூட்டி, ஃபில்டர் என்று எந்தப் பெயரில் என்ன இருந்தாலும் அணையுங்கள். பல போன்களில் செல்ஃபி கேமராவுக்கு இது கடையிலிருந்து வரும்போதே போட்டபடி இருக்கும். அப்புறம் திரையில் முகத்தைத் தொட்டு, வருகிற சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். போன் பெரும்பாலும் முகத்தைத் தேவைக்கு மேல் பிரகாசமாக்குகிறது, நம் ஊர்த் தோல் நிறம் சாம்பல் பூத்துப் போவது அதனால்தான்.

இந்தக் குறை உலகம் பூராவும் பேசப்பட்டதுதான். கூகுள் 2021-ல் பிக்சல் 6 வெளியிட்டபோது ரியல் டோன் என்று பெயர் வைத்து இதைச் சரிசெய்வதையே ஒரு அம்சமாக அறிவித்தது. கேமராவிலும் வெளிச்சத்தை ஆட்டோவில் விட்டால் தப்பு வரும். ஆனால் ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிவு செய்ததை அதிகம் மாற்றாமல் வைக்கிற ஃபைலில், எடுத்தால் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர இடம் இருக்கிறது.

போன்லயும் ரா எடுக்கலாமே. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் எந்த ரா என்று பாருங்கள். ஆப்பிள் 2020-ல் கொண்டுவந்த புரோரா, பல படங்களை அடுக்கிச் சேர்த்த பிறகு கிடைக்கிற ரா. எடிட் செய்ய அதிக இடம் கொடுக்கும், போனின் கைவரிசை கொஞ்சம் அதற்குள் ஏற்கெனவே இருக்கும். சில ஆப்களில் சென்சார் கொடுக்கிறதை அப்படியே ஒற்றைப் படமாகச் சேமிக்கலாம், அப்படி எடுத்தால் கணக்கு வித்தை எதுவும் இல்லாமல் அந்தச் சின்ன சென்சாரின் நிஜ முகம் தெரியும். ஒரு தடவை சாயங்கால வெளிச்சத்தில் எடுத்து, நிழல் பகுதியை லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் தூக்கிப் பாருங்கள். கேமரா எங்கே நிற்கிறது, போன் எங்கே நிற்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தங்கச்சி கல்யாணம். மச்சான் ஐபோன்லயே எடுத்துடறேன்றான். செலவு மிச்சம்தானே?

ஆல்பம் போடப் போகிறீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஓடுகிற 12க்கு 36 ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டால், 12 மெகாபிக்சல் படத்தின் 4000 பிக்சல் 36 அங்குலத்துக்குப் பரவ வேண்டும், அங்குலத்துக்கு நூற்றுப் பத்து சொச்சம்தான் வரும். 24 மெகாபிக்சல் கேமராவில் 6000 பிக்சல். அதுவும் அபாரம் என்று சொல்ல முடியாது, ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சின்ன ஆல்பம், வாட்ஸ்அப் என்றால் இந்தக் கவலையே இல்லை.

தாலி கட்டுகிற அந்தச் சில நொடிகளைப் பற்றித்தான் எனக்குப் பயம். ஹோமப் புகை, வீடியோக்காரரின் விளக்கு, சுற்றி எல்லோரும் அட்சதையோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், இடையில் ஒரு இடுக்கு வழியாகத்தான் தாலி தெரியும். போன்காரர் கிட்டே போய் மறைக்க வேண்டும், கேமராக்காரர் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸோடு தள்ளி நின்றே எடுத்துவிடுவார். கல்யாணக் கேமராக்களில் பெரும்பாலும் இரண்டு மெமரி கார்டு போட இடம் இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்றில் படம் இருக்கும். மச்சான் போனில் அந்த நேரம் பார்த்து ஸ்டோரேஜ் ஃபுல் என்று வந்தால் யாரிடம் போய் அழுவது. மச்சான் எடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பந்தி, சமையல்கட்டு, மணப்பெண் அறையில் அக்கா தங்கச்சிகள் அடிக்கிற கூத்து, இதெல்லாம் அவர்தான் எடுக்க வேண்டும், எங்களைப் பார்த்தால் எல்லோரும் விறைத்துப் போய்விடுகிறார்கள்.

டைம் பத்திரிகை அட்டைக்கே போன்ல எடுத்தாங்களாமே?

எடுத்தார்கள். 2012-ல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயல் பற்றிய இதழின் அட்டைப் படத்தை புகைப்படக்காரர் பென் லோவி ஐபோனில் எடுத்தார். 2017-ல் பிரேசிலைச் சேர்ந்த லூயிசா டோர், சாதனைப் பெண்கள் 46 பேரை அதே பத்திரிகைக்காக ஐபோனிலேயே எடுத்தார். டோர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இயற்கை வெளிச்சம், ஆள் அசையாமல் இருக்கிறார், கிட்டத்தில் இருக்கிறார். முதல் பதிலில் சொன்ன மூன்றும் சாதகமாக இருக்கிற இடத்தை அவரே தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தேர்வுக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2013-ல் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் தன் புகைப்படக்காரர்கள் அத்தனை பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டு, நிருபர்களுக்கு ஐபோனில் எடுக்கப் பயிற்சி கொடுத்தது. போன் படம் எடுக்கும் என்பதற்கும் போன் வைத்திருக்கிறவர் எல்லாம் படம் எடுப்பார் என்பதற்கும் நடுவே இருக்கிற தூரத்தை அந்த முதலாளிகள் பார்க்கவே இல்லை.

தெருவுல கேமராவைத் தூக்கினாலே எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. அதுக்கு?

அங்கே போனை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். மார்க்கெட், ரயில், டீக்கடை, இந்த இடங்களில் போன், கேமராவோடு போட்டி போடுவதில்லை, அதை ஜெயித்தே விடுகிறது. அதற்காகக் கேட்காமல் யார் முகத்தையும் எடுத்து இணையத்தில் போட்டுவிடாதீர்கள். கோயிலுக்குள்ளே மட்டும் போனும் உதவாது, 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, பெரிய கோயில்கள் பலவற்றில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

கையில ஒரு லட்சம் இருக்கு. புதுப் போன் வாங்கறதா, கேமரா வாங்கறதா?

இப்போதைய போன் உடையாமல் ஓடிக்கொண்டிருக்கிறதென்றால் அதையே வைத்துக்கொண்டு கேமராவை வாங்குங்கள், அதுவும் பழையதாக. 2014-ல் வந்த சோனி ஏ 6000 மாதிரி 24 மெகாபிக்சல் கேமராவும் ஜூம் இல்லாத ஒரு எஃப் 1.8 பிரைம் லென்ஸும் பழசில் வாங்கினால் அந்தப் பணத்தில் பாதிகூட ஆகாது. கேமராவோடு சேர்த்துத் தருகிற கிட் லென்ஸோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மேலே சொன்ன மங்கலும் இருட்டுப் படமும் அதில் வராது, போனே மேல் என்று தோன்றிவிடும்.

வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்க்காரர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். படம் எடுக்கவே நேரம் இல்லாதவர் என்றால் எதுவும் வாங்க வேண்டாம்.

பைக் ஹேண்டில்ல போனை மாட்டி வீடியோ எடுக்கலாமா?

வேண்டாம். நடுக்கத்தைக் குறைக்கிற அந்தக் குட்டி லென்ஸ் அமைப்பு பைக் அதிர்வில் கெட்டுப்போகலாம் என்று 2021-ல் ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

எல்லாரும் போனுக்கு மாறிட்டா கேமரா கம்பெனிக்காரன் மூடிட்டுப் போயிடுவானா?

பாக்கெட்டில் போடுகிற குட்டி கேமராக்களைப் போன் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி 2010-ல் அவை பத்து கோடிக்கு மேல் விற்பனைக்குப் போயின, 2023-ல் இருபது லட்சம்கூட இல்லை. லென்ஸ் மாற்றுகிற கேமராக்கள் அதே 2023-ல் 60 லட்சம் போயின. உச்சத்தில் இருந்ததைவிட ரொம்பக் குறைவுதான், ஆனால் இன்னும் தேவைப்படுகிறவர்கள் வாங்குகிறார்கள். புது டிஎஸ்எல்ஆர் மாடல்கள்தான் வருவது நின்றுபோன மாதிரி இருக்கிறது, எல்லாம் மிரர்லெஸ் பக்கம் போயாச்சு.

கேமரா வாங்கிட்டேன் சார். ஆனா போன்ல எடுத்ததுதான் இன்னமும் நல்லா இருக்கு. ஏமாந்துட்டேனா?

இந்தக் கேள்வி வாங்கிய இரண்டாவது வாரத்தில் வரும், தவறாமல் வரும். ஆட்டோ மோடில், கிட் லென்ஸில், ஜேபெக்கில் எடுத்திருப்பீர்கள், அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் போனில் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிக் கெடுத்திருக்கும், போன் படமோ ஏற்கெனவே எடிட் ஆகி வந்தது. மேக்கப் போட்டவரையும் தூங்கி எழுந்தவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த மாதிரிதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள்ளே, டியூப்லைட்டைப் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில், விளையாடிக்கொண்டிருக்கிற யாரையாவது இரண்டிலும் எடுங்கள். கேமராவில் ரா, அபெர்ச்சர் எஃப் 1.8, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ ஆட்டோ. லைட்ரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, இரண்டையும் கணினியில் முழுத் திரைக்கு விரித்துக் கண்ணையும் முடியையும் பாருங்கள். அதற்குப் பிறகும் போன்தான் பிடித்திருக்கிறது என்றால், கேமராவை நல்ல விலை போகும்போதே விற்றுவிடுங்கள். பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவை இருந்தால் விலை கொஞ்சம் கூடவே கிடைக்கும்.